அண்ணன் பற்றவைத்த இரும்பு ரேக்

நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நான் எழுந்து போய்விடுகிறவன். அண்ணனின் முதலாண்டு நினைவு மலருக்கு நீங்கள்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அப்பா தவறியபோது அவருக்குப் பதினாறு வயது. பள்ளியை விட்டுவிட்டு, கிள்ளான் பக்கம் மேருவில் லோரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார். கிள்ளானில் வீடு வாங்கியதும், கல்யாணம் செய்துகொள்ளாத என்னையும் உடன் வைத்துக்கொண்டார்.

தனக்கென்று அவர் வைத்துக்கொண்டது எடை தூக்குவது ஒன்றைத்தான். கார் போர்ச்சில் ஒரு பெஞ்சு, ஒரு நீளக் கம்பி, இரும்பு வட்டுகள். மழைக்கு முன் வானம் மஞ்சளாகும் சாயங்காலங்களில் அவர் மூச்சு விடும் ஓசை கேட்கும். தூரத்தில் கொமுட்டர் ரயில் போகும். இரண்டும் எனக்கு ஒரே ஓசையாகக் கேட்கும்.

அப்படி ஒரு நாள், படுத்துத் தூக்கிய கம்பி அவர் மார்பிலேயே உட்கார்ந்துவிட்டது. கூப்பிடக் குரல் வரவில்லை. துணி எடுக்கப் போன அண்ணி பார்த்துவிட்டார். நானும் ஓடிப்போய் இருவருமாகத் தூக்கினோம்.

“எல்லாத்தையும் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுருங்க,” என்றார் அண்ணி.

கை விட்டாலும் பாரம் ஆள்மேல் இறங்காதபடி தாங்கும் ரேக் ஒன்று செய்கிறேன், நீ பார்த்து ஒப்புக்கொண்டால்தான் இனி தூக்குவேன் என்று அண்ணன் அண்ணியிடம் கேட்டுக்கொண்டார்.

பட்டறையில் மிஞ்சிய சதுரக் குழாய்களால் நான்கு கால்களை நிறுத்தினார். இருபுறமும் தாங்குகம்பிகள் வரவேண்டும். மூச்சை நிறைத்தால் மார்பு அவற்றுக்குச் சற்று மேலே வரவேண்டும். மூச்சை விட்டால் பாரம் அவற்றில் உட்கார வேண்டும். படுத்தவரால் தன்னைத்தானே அளக்க முடியாது. எங்கள் இருவருக்கும் சட்டை ஒரே அளவு என்பதால் என்னைப் படுக்கச் சொன்னார்.

“நல்லா மூச்ச இழுத்துப் பிடி தம்பி. கல்யாண மாப்பிள்ளை மாதிரி கூனிக்கிட்டு இருக்காதலா.”

பக்கத்து வீட்டு ஆன்டி எட்டிப் பார்த்தார். சட்டையில்லாமல் மார்பை விரிக்க எனக்குக் கூச்சம். பாதி மூச்சுதான் இழுத்தேன். அண்ணன் அந்தத் தாழ்ந்த அளவுக்கே தாங்குகம்பிகளைப் பற்றவைத்துவிட்டார். லோரியில் கழற்றி மாட்டுகிற எதுவும் ஆடும் என்று, ஏற்றி இறக்கத் துளையும் ஆணியும் அவர் வைப்பதில்லை.

வட்டு மாட்டாத வெறும் கம்பியோடு படுத்துக் காட்டினார். மூச்சை விட்டார். கம்பி மார்பிலேயே இருந்தது. அதற்கும் தாங்குகம்பிக்கும் நடுவில் அண்ணி விரலை விட்டுப் பார்த்தார்.

“ரெண்டு விரல் போகுது. அப்ப பாரம் யார் மேல இருக்கு?”

“நான்தான் தப்பா அளந்துட்டேன்,” என்றார் அண்ணன். பாதி மூச்சுதான் இழுத்தேன் என்பதை நான் மறைத்துவிட்டேன்.

இன்னும் ஒரே தடவை என்று அண்ணி விட்டுக்கொடுத்தார். அண்ணன் தாங்குகம்பிகளைக் கிரைண்டரால் வெட்டியெடுத்தார். இம்முறை தானே படுத்து, சாக்கட்டியை என் கையில் கொடுத்தார். அவர் மூச்சை நிறைத்ததும், மார்புக்குச் சற்றுக் கீழே கோடு போட்டேன். அதன்படி மறுபடியும் பற்றவைத்தார்.

அண்ணி புது லோரிக்கு வைப்பதுபோல் நான்கு கால்களுக்கும் திருநீறு பூசினார். அண்ணன் வட்டுகளை மாட்டிப் படுத்து, கம்பியை இறக்கி, மூச்சை விட்டு, இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார். கம்பி நின்றது. அதன் கீழே அவர் தூங்குகிறவர்போல் கண்மூடிக் கிடந்தார். போர்ச் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. அண்ணி அவர் மார்புக்கும் கம்பிக்கும் நடுவில் கையை நுழைத்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு, தூக்கிக்கோங்க என்றார்.

அதன்பின் ஒன்பது வருடம் தூக்கினார். நுரையீரல் நோய் வந்த பிறகும் வெறும் கம்பியையாவது பிடித்துவிட்டு வருவார். மருத்துவமனையில் கடைசி வாரம் உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். அவர் தூங்கிக்கொண்டே இருந்தார்.

இதை எழுதி அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன். “அவருக்குத் தெரியும் தம்பி. அவன் கூச்சக்காரன், அவனைப் போய்ப் படுக்க வச்சது என் தப்புன்னு அன்னைக்கே சொன்னாரு,” என்றார். நான் மறைத்ததைச் சொல்லும் வரிகளை எடுத்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

இறுதிவரை உடன் நின்ற பட்டறை நண்பர்களுக்கும், எங்களுக்குச் சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், தூரம் பாராமல் வந்த உறவுகளுக்கும் குடும்பத்தின் நன்றி. எனக்காக அன்று பழியை ஏற்றுக்கொண்ட அண்ணனுக்கு, நான் தாமதமாகச் சொல்லும் நன்றி.