பாதி முகவரி

ஆஸ்பத்திரியின் கணினி அறையில் அவருக்குக் 'கருந்திரை' என்றுதான் பெயர். மவுஸைத் தொடமாட்டார், கருப்புத் திரையில் கட்டளை அடித்தே எல்லாவற்றையும் முடிப்பார். ஸ்கேன் படங்கள் குவிந்து சர்வர் திணறியபோது, வேண்டாதவற்றை அழிக்க ஒரு சின்னப் புரோகிராம் எழுதினார். கெட்டிக்காரர்தான், யார் இல்லையென்றது? ஆனால் கெட்டிக்காரர்களின் சோம்பேறித்தனம் இருக்கிறதே, அது பொல்லாதது.

அந்தப் புரோகிராம் தனக்கு வேண்டிய கோப்புகளைத் தேடிச் சிரமப்படாமல் இருக்கட்டும் என்று, தொடங்கியதுமே அது குடியிருக்கும் ஃபோல்டருக்குப் போய்விடும்படி செய்திருந்தார். அழிக்க வேண்டிய இடத்தின் முழு முகவரியைக் கொடுத்தால் வம்பில்லை. வெறுமே 'பழையவை' என்று பாதி முகவரி கொடுத்தால்? "அந்த அலமாரியைக் காலி பண்ணு" என்றால், சொல்பவர் நிற்கிற அறையின் அலமாரி என்றுதானே அர்த்தம்? இவருடைய புரோகிராமோ தன் வீட்டு அலமாரியில் கைவைக்கும். அவர் எப்போதும் முழு முகவரி அடிக்கிறவர். அதனால் குட்டு வெளிப்படவே இல்லை.

அவருடைய அக்காவுக்கு முதுகுத்தண்டில் கட்டி. அவளை அதே ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்காக அவர் லீவு போட்ட அன்று, ஸ்கேன் அறைப் பெண் அந்தப் புரோகிராமை ஓட்டினாள். இயந்திரத்தைச் சரிபார்க்க எடுத்த சோதனைப் படங்கள் இருந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு 'பழையவை' என்று அடித்தாள். புரோகிராமுக்குப் பக்கத்திலேயே அதே பெயரில் இன்னொரு ஃபோல்டரில் நோயாளிகளின் போன வருடப் படங்கள் இருந்தன. அத்தனையும் போயின. சர்வரை அப்படியே நகலெடுக்கும் இன்னொரு இயந்திரமும், என்ன விசுவாசமோ, தன்னிடம் இருந்ததையும் அழித்துவிட்டது.

இதெல்லாம் தெரியாமல் அவர் வார்டில் டாக்டர் முன்னால் நின்றிருந்தார்.

"போன வருஷப் படம் இங்கதான எடுத்தீங்க? அப்பவும் கட்டி இதே அளவுல இருந்திருந்தா ஆபரேஷனே வேணாம், விட்டுடலாம். வளர்ந்திருந்தா நாளைக்கே கட்டிய எடுத்தாகணும். ஒப்பிட்டுப் பார்க்கப் படம் இல்லேன்னாலும் காத்திருக்க முடியாது, எடுத்துத்தான் ஆகணும். எடுத்தா கால் பழையபடி வேலை செய்யும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

"இதோ எடுத்துட்டு வரேன் டாக்டர்" என்று ஓடினார்.

கணினி அறையில் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். "நான் இருந்த ஃபோல்டர்லதான் அழிக்கும்னு நெனச்சேன் சார். எந்த இடத்த அழிக்கப் போகுதுன்னு ஒரு வார்த்தை கேக்கல சார் அது."

"உன் மேல தப்பில்லம்மா" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் விழுந்தார். மீட்கும் கருவி ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். அழிந்த இடத்தில் அன்றைய புதுப் படங்கள் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டன. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? ஆனாலும் விரல்கள் நிற்கவில்லை. கடைசியில் அக்காவின் பெயர் திரையில் வந்தது. பாவி மனம் ஒரு கணம் துள்ளியது. திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை.

அச்சிட்ட படத்தைக் கையில் கொடுக்கிற வழக்கமும் அங்கே எப்போதோ நின்றுபோயிருந்தது.

வார்டுக்குத் திரும்பியபோது அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"கெடச்சுதாடா? எந்தம்பி பத்திரமா வச்சிருப்பான்னு டாக்டர்கிட்ட பெருமையா சொல்லிட்டேன்."

"இல்லக்கா. அழிஞ்சுபோச்சு. நான் எழுதின புரோகிராம்தான் அழிச்சுது."

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். "அப்போ நாளைக்கு ஆபரேஷன்தானா?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. போர்வையை விலக்கி, இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி எழுந்தாள்.

"வாடா, வெளிய போய்க் கொஞ்ச நேரம் நடந்துட்டு வரலாம்."