பத்திர ஆபீஸ் லட்டு

சங்கரன்கோவிலில் பத்திர ஆபீஸுக்கு எதிரே, பத்திரம் எழுதும் கடையில் டைப் அடிக்கிற வேலை எனக்கு. இடம் வாங்குகிறவர்கள் கையெழுத்து, கைரேகை எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் ஸ்வீட் டப்பாவோடு நேரே எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். பத்திரம் அடித்த கைக்கு முதல் லட்டு. இது இங்கே வழக்கம். முகூர்த்த நாளென்றால் கேட்கவே வேண்டாம், லட்டும் ஜாங்கிரியும் அல்வாவுமாக வந்துகொண்டே இருக்கும். மங்கல காரியத்தில் வேண்டாம் என்று சொல்லக் கூடாதே என்று நானும் வருஷக்கணக்காக ஒன்றையும் விட்டதில்லை. சுகர் வராமல் என்ன செய்யும்?

அடுத்த டெஸ்டிலும் இறங்கவில்லை என்றால் ஊசிதான், தினமும் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு ஊசி என்றால் பாதி உயிர் அங்கேயே போய்விடும். என் மகனுக்குத் தடுப்பூசி போட்ட அன்று மயங்கி விழுந்தது நான்தான்.

அன்றிலிருந்து வாயைக் கட்டினேன். விரதம் என்றேன், முடிந்ததும் தின்னுங்கள் என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். டிராயரில் ஒளித்தேன், எறும்பு கீபோர்டுக்குள் குடியேறியது. சுகர் என்று உண்மையைச் சொன்னது அதைவிட மோசம். ஒன்று தின்றால் ஒன்றும் செய்யாது என்று ஊரே டாக்டராகிவிட்டது. கடைசியில் டப்பாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி முதலாளி பக்கம் தள்ளிவிடப் பழகினேன். அந்த மனுஷன் என் பங்கையும் தின்றுவிட்டு, மீசையில் ஒட்டிய பூந்தியைத் தட்டிக்கொண்டே, கட்டுப்பாட்டை உங்களிடம்தான் படிக்க வேண்டும் என்பார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அப்படித் தள்ளிய டப்பாக்களில் ஒன்று, மேலநீலிதநல்லூர்ப் பக்கம் மானாவாரி நிலம் வாங்கிய ஒரு பெரியவருடையது. அங்கே போர் போட்டுத் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நான் தள்ளியதும் அவர் முகம் சுண்டிப்போனது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

டெஸ்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் புது டப்பாவோடு வந்து நின்றார். போரில் வெறும் புழுதிதான் பறந்ததாம். காலையில் வேறு இடத்தில் போடப் போகிறாராம், அதற்கு முன்னால் நான் ஒரு லட்டு தின்றாக வேண்டுமாம். முதலாளி பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"என் வாய்க்கும் உங்க தண்ணிக்கும் என்ன சம்பந்தம் அண்ணாச்சி?" என்றேன்.

"சம்பந்தம் இல்லன்னு எனக்கும் தெரியும்மா. ஆனா கண்ண மூடுனா நீங்க டப்பாவத் தள்ளுததுதான் தெரியுது. தூக்கம் வர மாட்டேங்கு."

டெஸ்ட் இருப்பதையும் ஊசி பயத்தையும் சொன்னேன். அவர் சட்டென்று சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். தினமும் அங்கேதான் ஊசி போட்டுக்கொள்கிறாராம். எறும்பு கடிக்கிற அளவுகூட வலிக்காது என்றார். பிறகு டப்பாவை மூடினார்.

"முதல்லயே சொல்லப்படாதா? நீங்க திங்காண்டாம். தண்ணி வராட்டா மானாவாரியாவே வெதச்சிக்கிடுதேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்படிச் சொன்னதும் மனசு கேட்கவில்லை. டப்பாவைப் பிடுங்கி, ஒரு லட்டை முழுசாக வாயில் போட்டேன். அவருக்காகத்தான் தின்றேன். ஆனால் நெய்யும் ஏலக்காயும் நாக்கில் பட்டதும் அவரும் மறந்துபோனார், போரும் மறந்துபோனது.

மறுநாள் டெஸ்டில் சுகர் இறங்கவில்லை. ஒரு லட்டா, பல வருஷத்து லட்டா, யார் கண்டது? ஊசிதான் என்றாகிவிட்டது. முதல் நாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு போட்டேன். பெரியவர் சொன்னது நிஜம்தான்.

பதிந்த பத்திரத்தை வாங்கிப் போக அவர் மறுபடி கடைக்கு வந்தார். ரெண்டாவது இடத்திலும் புழுதிதானாம். அதைச் சொல்லிவிட்டு, ஊசியை ஒரே இடத்தில் குத்தாமல் மாற்றி மாற்றிக் குத்த வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தார். பாவம், தின்றும் பிரயோஜனம் இல்லாமல் போயிற்றே என்று எனக்குத்தான் அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து, வீட்டுமனை பதிந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஜாங்கிரி டப்பாவைத் திறந்து என் முன்னால் நீட்டினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார்.

"அந்தம்மாவுக்குக் குடுக்காதிய. என் போருக்கு ஒரு லட்டு முழுசாத் தின்னாங்க. சொட்டுத் தண்ணி வரல்ல."

அந்தப் பெண் விருட்டென்று டப்பாவை இழுத்து மூடினாள். நான் எத்தனை விரதம் சொல்லியும் நடக்காதது ஒரு நொடியில் நடந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதான். எனக்கோ ஆத்திரமான ஆத்திரம்.