அயன் பண்ணின சட்டையோடு ஒரு நோயாளி

என் தம்பி கண்டியில் ஒரு புடவைக்கடையில் வேலை பார்த்தவன். ஈரலில் புற்றுநோய், இனிச் செய்ய ஒன்றுமில்லை, சில மாதங்கள்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும் சட்டையை அயன் பண்ணாமல் வெளியே கிளம்பமாட்டான். "ஆள் பாதி, ஆடை பாதி அக்கா" என்பான். எனக்கு எரிச்சலாக வரும்.

வேலையோடு சம்பளமும் நின்றுபோனது. வலி மருந்துக்காக எங்கள் ஊரான கலகெதரவிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில்தான் போவோம். அந்த வளைவுகளில் கம்பியைப் பிடித்து நின்றபடி வந்தால், இறங்கும்போது அவனுக்குப் பேச்சே வராது. அரசாங்கம் நோயாளிகளுக்கு மாதாமாதம் கொடுக்கும் உதவிப்பணம் கிடைத்தால் த்ரீவீலரில் சாய்த்துக் கூட்டிப் போகலாம். அதற்காகத்தான் அலைந்தேன்.

முதல் தடவை அந்தப் பணம் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனபோது தம்பி சவரம் செய்து, பவுடர் போட்டு, முழுக்கைச் சட்டையும் காலில் சப்பாத்துமாக வந்தான். உள்ளே இரண்டு பெனியன். மெலிந்தது தெரியக்கூடாதாம். கவுண்டரில் இருந்த சிங்களப் பெண் அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாத்தயா நல்லாத்தானே இருக்கார்" என்றார், தம்பியைக் காட்டி, தட்டுத்தடுமாறிய தமிழில். மெடிக்கல் போர்டில் டாக்டர்கள் பார்த்த பிறகுதான் பணம் என்று சொல்லி, பல மாதம் தள்ளி ஒரு திகதி கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவனைத் திட்டினேன். "கல்யாண வீட்டுக்கா வந்த? அடுத்த தடவை வீட்டில கட்டுற சாரத்தோட வா."

"சாகப்போறேன்தான் அக்கா. அதுக்காகப் பிச்சைக்காரன் மாதிரி போய் நிக்கணுமா?"

அவன் சொன்னதில் என்ன பிழை? சட்டையைப் பார்த்து நோயை அளப்பதல்லவா பிழை?

அடுத்த வாரம் மறுபடியும் போனோம். அதே அலங்காரம்தான். வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், "பொறுத்தார் பூமி ஆள்வார், மகள்" என்றார்.

"பூமி வேணாங்க ஐயா, எங்களுக்கு ஒரு த்ரீவீலர் போதும்" என்றேன்.

கவுண்டரில் டாக்டரின் கடிதத்தையும் அவர்கள் தந்த திகதிச் சீட்டையும் அருகருகே வைத்தேன். "மிஸ், டாக்டர் சொல்றது சில மாசம். நீங்க சொல்றது அதுக்கும் பிறகு. எது முதல்ல வரும்னு நீங்களே சொல்லுங்க." என் குரல் உயர்ந்துவிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அழுகையும் வந்தது, நான் மறைக்கவில்லை.

அவர் இந்தத் தடவை கடிதத்தை முழுதாக வாசித்தார். எழுந்து உள்ளே போய் மேலதிகாரியிடம் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, "போர்டுக்கு வர வேணாம். டாக்டர் எழுதினது போதும். இந்த மாசமே கிடைக்கும்" என்றார்.

தம்பி கைகூப்பினான். "கடைப்பக்கம் வாங்க மிஸ், நல்ல சாரியா எடுத்துத் தரச் சொல்றேன்." அவர் சிரித்துவிட்டார்.

அதன் பிறகு கடைசி வரைக்கும் அவன் பஸ் ஏறவில்லை. என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, த்ரீவீலர்காரரை வம்புக்கிழுத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தான்.

போர்டுக்கென்று கொடுத்திருந்த அந்தத் திகதி வந்தபோது தம்பி இல்லை. அன்றைக்கு நான் அதே கவுண்டரில்தான் நின்றேன், அவனைப் போலவே டாக்டர்கள் கைவிட்ட பக்கத்து வீட்டு அக்காவோடு. அவர் பட்டுச்சேலை கட்டி, பெரிய பொட்டு வைத்து வந்திருந்தார். மிஸ் அந்தச் சேலையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"முதல்ல டாக்டர் கடிதம்" என்று கையை நீட்டினார்.