பணஜியின் சரித்திரமும் மாரியப்பனின் சாம்பாரும்

சுற்றுலா வழிகாட்டி வேலையில் ஊரைக் காட்டுவது சுலபம். நாம் பேசும்போது கூட்டத்தை நம் பக்கம் நிறுத்தி வைப்பதுதான் பெரும்பாடு. நீங்கள் பேச ஆரம்பித்ததும் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் எழுந்து போகிறார்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான். மேலே படியுங்கள்.

எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், வேலை ராஜபாளையத்தில் ஒரு டிராவல்ஸில். எங்கள் பக்கத்து ஆட்கள் எந்த ஊருக்குப் போனாலும் சாப்பாடு மட்டும் நம் ஊர்ச் சாப்பாடாக இருக்க வேண்டும். அதனால் வேனின் பின்பக்கம் கேஸ் அடுப்பு, அரிசி, பருப்போடு ஒரு சமையல்காரரும் வருவார். எங்கள் வேனில் மம்சாபுரத்து மாரியப்பன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவனைப் பார்த்து நான் பொறாமைப்பட்டது வேனின் சக்கரம் வரை தெரியும் என்று நினைக்கிறேன்.

ஒரு சீட்

கோவாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் முதலாளி கூப்பிட்டார். "இப்ப எல்லாரும் ஊரைப் பத்திப் போன்லயே பாத்துக்கிடுதாங்க. உங்க சீட்டைக் குடுத்தா இன்னொரு டிக்கெட் ஏத்தலாம். இந்த ட்ரிப் முடியட்டும், கைடு வேணுமா, மாரியப்பன் மட்டும் போதுமான்னு வந்தவங்களையே கேட்டுருவோம்" என்றார்.

ஐம்பது வயதுக்கு மேல் வேறு என்ன வேலைக்குப் போவது? போனில் எல்லாம் வரும் என்றால் மாரியப்பன் மட்டும் எதற்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. முதலாளி நிதானமாகச் சொன்னார்: "நம்ம ஊர் சாம்பார் போன்ல வராதுல்ல?"

கை நீட்டும் பாதிரியார்

கோவாவின் தலைநகரமான பணஜியில் ஆற்றோரம் பழைய தலைமைச் செயலகம் இருக்கிறது. முதலில் சுல்தானுக்குக் கோடைக்கால அரண்மனை, பிறகு போர்த்துகீசிய கவர்னருக்கு மாளிகை. அதன் பக்கத்தில் ஒரு சிலை. அங்கி போட்ட பாதிரியார் இரண்டு கைகளையும் நீட்டி நிற்பார். அவர் முன்னால் ஒரு பெண் மயங்கிச் சாய்ந்திருப்பாள். அவர் கோவாக்காரர், பாரிஸுக்குப் போய் மனோவசியத்தைப் பற்றிச் சொன்னவர், மயங்குவது மயங்குகிறவரின் மனசால்தான் நடக்கிறது என்று விளக்கியவர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத் திரும்பினால், எதிரே ராமசுப்பு சார் மட்டும் நின்றார். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் செருப்பு வாரை மாட்டுவதற்காகத்தான் நின்றிருக்கிறார்.

மற்றவர்கள் எல்லாம் சிலைக்கு அந்தப் பக்கம். காய் வாங்க வந்த மாரியப்பன், முருங்கைக்காய்க் கட்டோடு நின்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். "அந்தப் புள்ளைக்குப் பேய் எறங்குது பாருங்க. சாமி ஒரு சத்தம்தான் போட்டாரு, அப்படியே சாஞ்சிட்டா." கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. நான் ராமசுப்பு சாரைப் பார்த்தேன். அவர் எனக்காக வருத்தப்பட்டார், பாவம். "நீங்க சொல்றதுதான் சரியா இருக்கும் சார். ஆனா அவன் சொல்றது நல்லாருக்கு."

மஞ்சள் வீடு

ஃபோன்டைன்யாஸ் என்ற பழைய தெருக்களில் வீடுகள் மஞ்சள், நீலம், காவிச் சிவப்பு என்று பளிச்சென்று இருக்கும். வருஷா வருஷம் மழை முடிந்ததும் வண்ணம் அடிக்க வேண்டும், வெள்ளை மட்டும் மாதா கோயிலுக்கு என்பது போர்த்துகீசியர் காலத்து வழக்கம் என்றேன். தளவாய்புரத்தில் நைட்டி தைத்து விற்கும் கிரேஸ் அக்கா ஒவ்வொரு சுவராக உற்றுப் பார்த்துப் படம் எடுத்தது. ஒரு ஆளாவது கேட்கிறதே என்று எனக்கு உற்சாகம். பிறகுதான் தெரிந்தது, படமெல்லாம் ஊரில் இருக்கும் தையல்காரருக்குப் போகிறது. இந்த மஞ்சள் நைட்டியில் நீல பார்டர் வைத்தால் எடுப்பாக இருக்குமா என்று யோசனை.

"நம்ம ராஜபாளையம் அளவுகூடக் காணோம், இதுவா தலைநகரம்?" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். அது எப்படித் தலைநகரம் ஆயிற்று என்று தொடங்கினேன். கிரேஸ் அக்கா கையை உயர்த்தியது. "சார், ஒரு சந்தேகம்." எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கேளுங்கள் என்றேன். "மத்தியானத்துக்கு மாரியப்பன் என்ன வைக்கான்?"

அன்று மத்தியானம் அவன் எனக்கு மட்டும் இரண்டு அப்பளம் வைத்தான். அதற்கும் கோபம் வந்தது. அவனிடம் என்ன இருக்கிறது, என்னிடம் என்ன இல்லை என்று யோசித்ததில் இரண்டு அப்பளமும் நமுத்துப் போயின.

வேகாத பருப்பு

மறுநாள் மாரியப்பனுக்குக் காய்ச்சல். முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அப்புறம்தான் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அனலாக இருந்தது. மாத்திரை கொடுத்து லாட்ஜின் கொல்லைத் திண்ணையில் படுக்க வைத்துவிட்டு, அங்கேயே நான் கரண்டியைப் பிடித்தேன். பருப்பு வேகுவேனா என்றது. எல்லோரும் தட்டோடு சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

"இந்த ஊர்க் காய்ச்சல் மோசமானதா சார்?" என்று கிரேஸ் அக்கா கேட்டது. கிண்டிக்கொண்டே சொன்னேன். முன்பு தலைநகரம் இங்கே இல்லை, ஆற்றுக்கு மேலே பழைய கோவாவில் இருந்தது. நாளைக்கு நாம் பார்க்கப் போகும் பெரிய மாதா கோயில்கள் அந்த ஊரில்தான். கொள்ளைநோய் திரும்பத் திரும்ப வந்து ஊரே காலியானது. சனங்கள் ஆற்றின் முகத்துவாரத்துக்கு இறங்கி வந்தார்கள். அன்றைக்கு இங்கே சதுப்பும் தென்னையும்தான். சதுப்பைத் தூர்த்தார்கள், தெரு போட்டார்கள். கவர்னரும் சுல்தானின் மாளிகைக்கே குடிவந்தார்.

ஒருவரும் நகரவில்லை. போனை எடுக்கவில்லை. ராமசுப்பு சார் "பொறவு?" என்றார். அந்த வார்த்தையை இந்தத் தொழிலில் நான் கேட்டதே இல்லை. அப்போதுதான் உறைத்தது. நான் எப்போதும் வெயிலில், கால் வலிக்கிறவர்களிடம் பேசியிருக்கிறேன். மாரியப்பன் பசித்தவர்களிடம், மூடிய பாத்திரத்துக்கோ முருங்கைக்காய்க் கட்டுக்கோ பக்கத்தில் நின்று பேசியிருக்கிறான். கொதிக்கிற சாம்பாரை விட்டுவிட்டு எவன் எழுந்து போவான்? இப்படி ஒரு இடத்தை இத்தனை காலம் தனியாக அனுபவித்திருக்கிறானே என்று புதிதாகவும் ஒரு பொறாமை வந்தது.

சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. கடைசியில் அதைப் பரிமாறும்போது, போர்வைக்குள்ளிருந்து மாரியப்பன் மெல்லச் சொன்னான்: "அண்ணே, கதையை நிறுத்திராதிய. நிறுத்துனா எல்லாரும் சாம்பாரைக் கவனிச்சிருவாங்க."

தீர்ப்பு

ராஜபாளையத்தில் வந்து இறங்கியதும் முதலாளி சொன்னபடியே கேட்டார், எங்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே. கிரேஸ் அக்காதான் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொன்னது. "ரெண்டு பேரும் வரணும். சோறு ஆகுற வரைக்கும் இவரு பேசட்டும். சோறு ஆனப்பொறவு பேசக் கூடாது. கரண்டியை எப்பவுமே தொடக் கூடாது."

முதலாளி தலையாட்டிவிட்டு உள்ளே போனார். மாரியப்பன் என் பையை வாங்கிக்கொண்டு காதோரம் குனிந்தான். "கவலைப்படாதியண்ணே. உங்களுக்காக அடுப்பைச் செத்த நேரம் சிம்ல வைக்கேன்."

இப்படியாக என் சீட் தப்பியது, எந்த ஊரின் சரித்திரம் எவ்வளவு நீளம் என்பதை மட்டும் இன்றுவரை மாரியப்பனின் துவரம்பருப்பே முடிவு செய்கிறது.