பதினேழாம் கேள்வியின் தீக்கோழி

ஒரு பக்கத்தைத் தட்டி முடித்ததும் அனுஷியா அதை உடனே அச்சுக்கு அனுப்பமாட்டாள். கணினித் திரையின் குறுக்கே ஓர் அடி நீள அடிமட்டத்தைப் பிடித்து, கேள்விக்குக் கீழே உள்ளதை மறைப்பாள். விடையைத் தனக்குள் முணுமுணுப்பாள். பிறகுதான் அடிமட்டம் ஒரு வரி கீழே இறங்கும். விரல் பட்டுப் பட்டு, அதன் இடது முனையில் எட்டு வரையிலான இலக்கங்கள் அழிந்துபோயிருந்தன.

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் றெஜியின் அச்சகத்தில் அவளுக்கு இது பதினாறாவது வருடம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள்கள்தான் அங்கே முக்கிய வேலை. அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் ஓ.எல். என்ற பதினோராம் தரம் வரை படித்துவிட்டு ஜிந்துப்பிட்டிக்கு வந்தவள், மிச்சப் படிப்பையெல்லாம் இந்தத் தாள்களைத் தட்டியே படித்தாள்.

ஜூன் மாதம் வெள்ளவத்தையிலிருந்து ஆசிரியர் சிவானந்தன் சேர் தன் கையெழுத்தில் ஒரு பொது அறிவுத் தாளைக் கொண்டுவந்தார். ரியூசன் வகுப்புகளுக்கு நாலாயிரம் பிரதி வேண்டும். அவர் கதிரையில் சாய்ந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்க, அனுஷியாவின் அடிமட்டம் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

பதினேழு: ஆபத்து நேரும்போது தலையை மண்ணுக்குள் புதைக்கும் பறவை எது? விடை: தீக்கோழி.

பதினெட்டு: எந்தக் கடலோடியின் பெயரால் கொழும்பு என்ற பெயர் வந்தது? விடை: கொலம்பஸ்.

“சேர், இந்த ரெண்டும் பிழைங்க.”

“எழுத்துப் பிழையோ?”

“விடையே பிழைங்க. தலையப் புதைச்சா எப்பிடி மூச்சு விடும்?”

“நெருப்பைத் தின்னுறபடியால்தானே தீக்கோழி எண்டு பேர். நெருப்பையே தின்னுற சாமானுக்கு மண் ஒரு பிரச்சினையோ?”

“அப்ப கடல்குதிரையில சவாரி போகலாமா சேர்?”

றெஜிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேருக்கு வரவில்லை.

“கொலம்பஸ், கொழும்பு. கேட்கவே விளங்கேல்லையோ? நீர் எதுமட்டும் படிச்சனீர்?”

“ஓ.எல். சேர்.”

“அப்ப தட்டும்.”

அவர் போனபின் றெஜி அவளருகே வந்தார். “என்ன அனுஷியா இது? எங்கட பெரிய கஸ்டமர் அவர். திங்கக்கிழமைக்குள்ள தட்டாட்டி உன்ட கதிரையில வேற ஆள்தான் இருக்கும். பிறகு என்னைக் குறை சொல்லாத.”

“சரியான விடை தெரிஞ்ச புள்ள ஒன்னு அத எழுதுனா, சேர் பிழைன்னு போட்டுருவாரே அண்ணே. அந்தப் புள்ள யார்கிட்ட போய்ச் சொல்லும்?”

றெஜி சுவர்க் கலண்டரில் திங்கட்கிழமையை விரலால் தட்டிக் காட்டினார்.

சனிக்கிழமை பகல் முழுவதும் அவள் நூலகத்தில் இருந்தாள். கொலம்பஸ் பிறப்பதற்கு நூறு வருடத்துக்கு முன்பே இங்கே வந்துபோன ஓர் அரபுப் பயணி, இந்த ஊரைக் ‘கலன்பு’ என்று எழுதிவைத்திருந்தார். அந்தப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டாள். ஞாயிறு காலை ரயிலேறித் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போனாள்.

தீக்கோழி அடைப்பின் முன்னால் மூன்று மணித்தியாலம். தூரத்திலிருந்து பார்த்தால் சேர் சொன்னது சரிபோலத்தான் இருந்தது. பறவை கழுத்தைத் தாழ்த்தியதும் தலை காணாமல்போய், முதுகு மட்டும் கறுப்புப் பாறையாய்த் தெரிந்தது. “பார், தலையைப் புதைக்குது!” என்று ஒருவர் தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டினார். அனுஷியா கம்பிவேலியோடு ஒட்டிக்கொண்டு மூலைக்கு நகர்ந்தாள். தலை புல்லுக்குள் இருந்தது; அலகு எதையோ கொத்தி விழுங்கிக்கொண்டிருந்தது. போனைத் தூக்கிப் பிடித்தாள், கை உளைய உளைய. திடீரென்று, துப்புரவு செய்பவரின் தள்ளுவண்டி சரிந்து தகர வாளிகள் உருண்டன. பறவை எதையும் புதைக்கவில்லை. ஓடியது, அப்படியோர் ஓட்டம். வேலியை ஓங்கி ஓர் உதையும் விட்டது. எல்லாம் போனில் பதிவாகியிருந்தது.

திங்கட்கிழமை சேர் அதை இரண்டு தடவை பார்த்தார்.

“இது தெஹிவளைக் கோழி,” என்றார். “ஆபிரிக்காவில வேற மாதிரி இருக்கும்.”

அனுஷியா போட்டோக்கொப்பியை அவர் முன்னால் வைத்தாள். சாப்பாட்டுப் பெட்டியைப் பையில் போட்டாள், குடையை எடுத்தாள். “அந்த ரெண்டையும் நான் தட்டமாட்டேன் சேர். றெஜி அண்ணே, கதிரை இந்தா இருக்கு.”

றெஜி எழும்பி வருமுன் அவள் வாசல்படிவரை போய்விட்டாள்.

சேர் போட்டோக்கொப்பியை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். ஆண்டை விரல்விட்டு எண்ணினார். பிறகு, யாரையும் பார்க்காமல், “இரும் பிள்ளை. பதினேழை எப்பிடி மாத்தலாம் எண்டு சொல்லும்,” என்றார்.

அவள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள்: ஆபத்து நேரும்போது தீக்கோழி என்ன செய்யும்? விடை: ஓடும் அல்லது உதைக்கும். பதினெட்டாம் கேள்வியைச் சேரே சிவப்புப் பேனாவால் வெட்டினார். தாள் நாலாயிரமும் புதன்கிழமை வெள்ளவத்தைக்குப் போய்ச்சேர்ந்தது.

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன் அச்சகத்துக்கு வெள்ளையடிக்க என்று றெஜி மச்சுப் பலகையில் இருந்ததையெல்லாம் இறக்கியபோது, பழைய வினாத்தாள் கட்டு ஒன்று கீழே விழுந்தது. ஜூனில் சேர் பார்த்து எழுதிய மூலம் அதுதான்: இரண்டு கேள்விகளும், அதே இலக்கங்களில், ஒரு சொல் மாறாமல் இருந்தன. வருடம் இரண்டாயிரத்து ஒன்பது, அவள் வேலைக்கு வந்த முதல் வருடம். அடியில், தட்டச்சு செய்தவர் என்ற இடத்தில், அனுஷியாவின் பெயர்.