பதிவு அலுவலகத்தைச் சுற்றிப் பார்க்கப் போய்ச் சாட்சியானேன்

கோட்டையைப் பற்றி எழுதிவிட்டேன், பனமலைக் கோயிலைப் பற்றியும் எழுதிவிட்டேன். "உங்க செஞ்சிக்குள்ளயே இருக்கிற பழைய பதிவு ஆபீசைப் பாத்திருக்கீங்களா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பத்திரம் பதிய இரண்டு முறை போயிருக்கிறேன். நின்று பார்த்ததில்லை. போன மாதம் ஒரு புதன்கிழமை, தையல் கடையை மதியம் வரை பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

பேருந்து நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. கட்டணம் கிடையாது. பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். எது முன்பக்கம் என்பதிலேயே குழப்பம். தெருவைப் பார்த்த வளைவுகளைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். ஜனங்கள் பின்னால், புங்க மரத்தடி வழியாகத்தான் போகிறார்கள். உள்ளே ஒரு மரப்படி மேலே ஏறிச் சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. மாடியே இல்லை!

காவலாளியைக் கேட்டேன். "குதிரை லாயமா இருந்துச்சாம்" என்றார். குதிரைக்கு எதற்குப் படி? அங்கிருந்த பத்திரம் எழுதுபவர், "இன்னா லாயம்? கஜானா இருந்த எடம்மா இது" என்றார். இருவரும் என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள் வாக்குவாதத்தில் இறங்க, நான் தேக்கு உத்தரங்களைப் படம் எடுக்கத் தொடங்கினேன்.

"டைலர்க்கா!"

திரும்பினால் கமலாக்காவின் மகள் திவ்யா. கமலாக்கா எங்கள் பக்கத்துத் தெரு. வாரம் தவறாமல் கடைக்கு வந்து பேசிவிட்டுப் போகிறவர். திவ்யாவுக்கு ரவிக்கை தைப்பதும் நான்தான். போன வாரம்கூட இவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதாகச் சொன்னார். இவளோ பட்டுப்புடவையில், பக்கத்தில் வேட்டி கட்டிய ஒரு பையனோடு நிற்கிறாள்.

"கல்யாணம் பதியணும்க்கா. மூணு சாட்சி வேணும், ஒருத்தர் வரல. நீங்க கையெழுத்துப் போடுறீங்களா?"

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். நைனாவுக்குத்தான் தெரியாது."

நம்புவதா வேண்டாமா? போட்டால் கமலாக்கா முகத்தில் எப்படி முழிப்பது? போடாமல் போனால் இவள் கதி? "அம்மாவுக்கு போன் பண்றேன்" என்றேன். தடுப்பாள் என்று நினைத்தேன். "பண்ணுங்க" என்று நகத்தைக் கடித்தாள்.

"கமலாக்கா, பதிவு ஆபீஸ்ல இருக்கேன். திவ்யாவும் இங்கதான் இருக்குது."

அந்தப் பக்கம் டிவி மட்டும் ஓடியது.

"தலையில பூ வச்சிருக்குதா?"

"இல்லக்கா."

"வாங்கி வச்சு வுடும்மா." போன் கட்டாகிவிட்டது.

இது சம்மதமா, கோபமா? யாரிடம் கேட்பது? வாசலில் இரண்டு முழம் முல்லை வாங்கி வந்து வைத்துவிட்டேன். அப்போதுதான் அழுதாள். அதைப் பார்த்துப் பையனும் அழுதான். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். என் பெயரையே ஒரு எழுத்து தப்பாக எழுதி, அடித்து எழுதினேன்.

பார்க்க விரும்புகிறவர்கள் வேலை நாளில், காலையிலேயே போய்விடுங்கள். முகூர்த்த நாளில் நிற்க இடம் இருக்காது. அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். அங்கே வருகிற ஆட்களை மட்டும் எடுக்காதீர்கள். அவரவருக்கு ஆயிரம் கவலை. நான் செய்தது சரியா என்று கேட்டால், இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன்பின் கமலாக்கா கடைப்பக்கமே வரவில்லை. நேற்றுதான் வந்தார். அவர் கணவர் வண்டி இன்ஜினை அணைக்காமல் வெளியே உட்கார்ந்திருந்தார். பட்டு ரவிக்கைத் துணி ஒன்றை மேசையில் வைத்தார் கமலாக்கா. அளவு ரவிக்கை எங்கே என்று கேட்டேன்.

"அவ அளவுதான் உங்கிட்ட இருக்குதே" என்று மெல்லச் சொல்லிவிட்டு, போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.