ஒட்டுக் கைகள்

வகுப்பில் அவளுக்கு ரப்பர் என்று பெயர். வரைவதைவிட அழிப்பது அதிகம். ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வந்தும் கை வரையத் தெரியாது. அவள் தாளில் நிற்கும் எல்லாரும் கையைப் பின்னால் கட்டியிருப்பார்கள். "என்னம்மா, மொத்தக் கும்பலையும் போலீஸ் பிடிச்சிட்டுப் போகுதா?" என்பார் வாத்தியார். வகுப்பு சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, ரப்பரைத் தேடுவாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் அப்பா வாழ்நாள் முழுக்கக் கை மட்டுமே வரைந்தவர்.

ஒரு வாரப் பத்திரிகையில், அச்சுக்குப் போகுமுன் எழுத்தையும் படத்தையும் வெட்டிப் பக்கம் ஒட்டும் வேலை அவருக்கு. அங்கே கதைகளுக்குப் படம் போட்ட பெரிய ஓவியர் கண் வரைந்தால் வாசகர்கள் கிறங்குவார்கள். கை வரைந்தால் வாழைப்பழச் சீப்பு. அதை அவரிடம் சொல்ல முதலாளிக்கே தைரியம் கிடையாது. ஆகவே படம் வந்ததும் அப்பா வீட்டில் தனித்தாளில் வேறு கை வரைந்து, மணிக்கட்டோடு வெட்டி, ஆபீசில் கதவைச் சாத்திக்கொண்டு சீப்பின் மேல் ஒட்டிவிடுவார். அச்சில் ஒட்டுத் தெரியாது. இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓடியது. பெரிய ஓவியர் கண்டுபிடிக்கவில்லையா? அச்சில் வந்த கைகளைப் பார்த்துத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார் என்று கேள்வி.

மாதிரிக்கு அப்பா வெளியே அலையவில்லை. "இந்த டம்ளரைக் கொஞ்சம் பிடி" என்பார் அம்மாவிடம்.

"கதையில இது என்ன?"

"விஷக் கோப்பை."

"உங்க கூட குடித்தனம் பண்றதுக்குக் குடிச்சே தொலைக்கலாம். சீக்கிரம் போடுங்க, அடுப்புல பால் இருக்கு."

ராணியின் கை, கொலைகாரியின் கை, கடிதம் படிக்கும் காதலியின் கை எல்லாமே தையல் கம்பெனியில் பட்டன் வைக்கும் அம்மாவின் கைதான்.

அப்பா போய் ஏழு வருடம். கட்டிலுக்கடியில் சேர்த்து வைத்த இதழ்கள் குழாய் உடைந்த அன்று கூழாகிவிட்டன. அவர் வரைந்த ஒரு விரல்கூட வீட்டில் மிஞ்சவில்லை. அப்போதுதான் கல்லூரிப் பலகையில் அறிவிப்பு வந்தது: பெரிய ஓவியரின் மூலப்படங்கள், கண்காட்சி.

அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "கடுதாசி படிக்கிற பொண்ணு படம் இருக்கும்டி. எங்களுக்குக் கல்யாணமான புதுசுல போட்டது. அந்தக் கையை மட்டும் கிட்டப் போய் போட்டோ எடுத்துட்டு வா. மூஞ்சி வேணாம். அது யாருக்கு வேணும்?"

ரப்பர் காலையிலேயே போய்விட்டாள். வெள்ளைச் சுவர், வெள்ளை விளக்கு, ஆஸ்பத்திரி போல கிசுகிசுப்பு. காதலி மூன்றாவது அறையில் இருந்தாள். கண்ணில் நீர், காற்றில் கூந்தல், கடிதத்தைப் பிடித்திருந்தது ஒரு வாழைப்பழச் சீப்பு.

அடுத்த படத்துக்கு ஓடினாள். ராணிக்கும் சீப்பு. கொலைகாரிக்கும் சீப்பு. எல்லா மணிக்கட்டிலும் பழுப்பாக ஒரு கோடு, காய்ந்த பசையின் கறை. பக்கத்துச் சுவரில் விளக்கம் எழுதியிருந்தார்கள்: 'கைகளை வேண்டுமென்றே முரட்டுத்தனமாக வரைந்து, அழகு என்ற கருத்தையே ஓவியர் கேள்விக்குள்ளாக்குகிறார்.' அதைப் படித்த கண்ணாடிக்காரர் ஒருவர், நெடுநாளாகத் தனக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததுபோல் தலையாட்டினார்.

"மேடம், இதுமேல ஒட்டியிருந்த கையெல்லாம் எங்க?" என்று பொறுப்பாளரைக் கேட்டாள்.

அந்த அம்மாள் பூரித்துப்போனார். "அட, கவனிச்சிட்டீங்களே! ஆபீஸ்ல யாரோ கண்டபடி ஒட்டி வச்சிருந்தாங்கம்மா. மூணு மாசம் ஆவி காட்டிக் காட்டி உரிச்சோம். இப்பதான் நிஜமான ஓவியமே வெளிய வந்திருக்கு."

"உரிச்சது?"

"சுருண்டு போச்சு. குப்பைதானே, கூட்டித் தள்ளிட்டாங்க."

"எங்கப்பா..." என்று ஆரம்பித்தாள்.

"அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கு" என்றார் பொறுப்பாளர், நல்ல மனதோடு.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தாள். நோட்டை எடுத்தாள். கடிதம் பிடித்த ஒரு கை. எதிரே மாதிரி இல்லை, தேவையும் இல்லை. தலை பின்னிய கை, காய்ச்சலில் நெற்றியைத் தொட்ட கை, அம்மாவின் சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிக் கோணிப்போன சுண்டுவிரல் உட்பட மனப்பாடம். பென்சில் நிற்கவே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ரப்பரைத் தொடாமல் ஒரு கையை முடித்தாள். எதிர்க்கடையில் ஒரு டீ வாங்கி, விரலால் தொட்டுத் தாளில் தடவிப் பழசாக்கினாள். போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா இருக்குடி. ஆனா இது அவரு போட்டதில்ல."

ரப்பர் செருப்பைக் கழற்றினாள்.

"சுண்டுவிரல் கோணலா இருக்கே. அவரு ஒரு தடவைகூட கோணலாப் போட்டதில்ல. 'படத்துலயாவது உனக்கு நேரா இருக்கட்டும்'னு நிமித்தித்தான் போடுவாரு. நீதான போட்ட?"

"ஆமாம்மா."

"அவரோடது ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லம்மா. உரிச்சுப் போட்டுட்டாங்க."

அம்மா சரி என்றாள். கையை மேஜைமேல் விரித்து வைத்து, மறுகையால் சுண்டுவிரலை அழுத்திப் பிடித்தாள். கொஞ்ச நேரம் நேராக இருந்தது. கையை எடுத்ததும் மறுபடி கோணிக்கொண்டது. மறுபடி அழுத்தினாள்.